கறிவேப்பிலை கிளைக்கவில்லை, துளசி மொட்டை: வெட்டும் முன்னும் வெட்டிய பின்னும் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பில் கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) ஓயும் நேரத்தில் என்னிடம் வரும் கேள்விகள் ஒரே சாயல்தான்: "கறிவேப்பிலை பனை மாதிரி மேலே போகுது தம்பி, பக்கத்தில ஒன்றும் வருகுதில்லை." மாரி முடிந்தால் வேறு கேள்வி: "வெட்டின இடத்தில இருந்து கறுத்துக்கொண்டு இறங்குது." ஆரையம்பதி, கல்லடி, காத்தான்குடி, அந்தப் பக்கம் கல்முனை வரை போய்ப் பார்த்தாலும் காரணங்கள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் கண்ணில் படும் அறிகுறியின்படி பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் செடிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோல் திடமான செடியைத்தான் புதராக்கும். நோஞ்சான் செடியை வெட்டினால் அது இன்னும் நோஞ்சானாகும். ஆகவே எந்த அறிகுறியானாலும் வெட்டும் முன் கீழே உள்ள மூன்றையும் பாருங்கள்.

நகச் சோதனை: தண்டின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது.

துளைச் சோதனை: சட்டியில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றுங்கள். சில நிமிடங்களில் அடியால் வடிய வேண்டும். வடியாமல் மேலே தேங்கி நின்றால் வெட்டை ஒத்திவைத்துத் துளையைச் சரிசெய்யுங்கள். பெயின்ட் வாளியில் நட்டவர்கள் பலர் ஒரே ஒரு ஆணித் துளையோடு விட்டிருப்பார்கள். விரல் நுழையும் அளவில் நாலைந்து துளை வேண்டும். அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தண்ணீர் நிற்கவும் விடாதீர்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு மறுபக்கம்.

வெயில்: கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நாளுக்கு 5, 6 மணி நேரம் நேரடி வெயில் தேவை. புதினாவுக்குக் காலை வெயில் போதும். பிற்பகல் நிழல் அதற்கு நல்லது.

அறிகுறி 1: ஒற்றைத் தண்டாக மேலே மட்டும் போகிறது

கறிவேப்பிலையில் நான் அதிகம் காண்பது இதைத்தான்.

பறிக்கும் விதம்

தாளிக்க ஒரு நெட்டு வேண்டும் என்றால் கைக்கு எட்டும் கீழ் நெட்டைப் பிடித்து உருவுகிறோம். அடுத்த நாள் அதற்கு மேல் உள்ளது. நுனியை மட்டும் யாரும் தொடுவதில்லை, "குருத்தை முறிச்சா மரம் வளராது" என்ற பயம். விளைவு, கீழே வெறும் தடி, மேலே ஒரு கொத்து. நுனி இருக்கும்வரை பக்க மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

சோதனை: தண்டின் கீழ்ப்பாதியில் இலை கழன்ற தழும்புகள் வரிசையாக இருக்கின்றனவா? நுனி ஒருதடவையும் வெட்டப்படாமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

செய்ய வேண்டியது: கன்று ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் நுனியில் இருந்து ஒரு சாண் இறங்கி, ஒரு கணுவுக்கு அரைச் சென்டிமீற்றர் மேலே சாய்வாக வெட்டுங்கள். அடியில் குறைந்தது நாலைந்து நெட்டு மிஞ்சட்டும். அந்தக் கணுவிலும் அதற்குக் கீழும் இருந்து இரண்டு, மூன்று கிளை வரும். அவை ஒவ்வொன்றும் நாலைந்து நெட்டு விட்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இரண்டாவது கிள்ளலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் ஒரு தடி இருந்த இடத்தில் மூன்று தடி நிற்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சமையலுக்கு எடுக்கும்போதெல்லாம் நெட்டை உருவாமல் கிளை நுனியோடு சேர்த்து வெட்டி எடுங்கள். அப்படிச் செய்தால் சமையலும் கவ்வாத்தும் ஒரே வேலையாகிவிடும்.

தலைக்கு மேல் போய்விட்ட மரமா? முழங்காலுக்குச் சற்று மேலே துணிந்து வெட்டலாம். கறிவேப்பிலை முற்றிய கட்டையில் இருந்தும் துளிர்க்கும். ஆனால் காலம் பார்த்து வெட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் தை கடைசி முதல் பங்குனி வரை நல்ல நேரம்: அடைமழை விட்டிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் கடுக்கத் தொடங்கியிருக்காது. கார்த்திகை, மார்கழி அடைமழையில் பெரிய வெட்டு வெட்டினால் அழுகல் ஏறும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது வெட்டினால் மூடியிருந்த பட்டை திடீரென வெயில் பட்டு வெடிக்கும். சமையலுக்கு நுனி எடுப்பதற்கு இந்தக் கணக்கு இல்லை, அது எந்த மாதமும் செய்யலாம்.

செவ்வாய், வெள்ளி வெட்டக்கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். மீதி ஐந்து நாள் இருக்கிறதே, அதில் வெட்டுங்கள். இதற்காக மாமியோடு வாக்குவாதப்பட வேண்டியதில்லை.

வெளிச்சம் போதவில்லை

மதிலுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில் வைத்த செடிகள் ஒரு பக்கம் சாய்ந்து, கணுவுக்கும் கணுவுக்கும் இடையே நீண்ட இடைவெளியோடு நிற்கும். தண்டு மெலிந்திருக்கும். இதை அதே இடத்தில் வைத்து வெட்டினால் வரும் கிளைகளும் அதேபோல் மெலிந்துதான் வரும். முதலில் இடத்தை மாற்றுங்கள். ஒரே நாளில் நடு முற்றத்து வெயிலுக்கு இழுக்காமல், ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பழக்குங்கள். புதிய குருத்து தடித்து வருவது தெரிந்த பிறகு வெட்டலாம்.

ஒரே பையில் பல கன்று

விற்பனைக்கு வரும் கறிவேப்பிலைப் பையில் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு கன்று இருக்கும். வாங்கும்போது புதர் போலத் தெரியும். ஆறு மாதத்தில் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு எல்லாம் ஈர்க்குக் குச்சியாகிவிடும். மண் மட்டத்தில் எத்தனை தண்டு என்று பாருங்கள். கன்று சிறிதானால் மழை தொடங்கும்போது பிரித்து நடலாம். பெரிதானால் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றை மண்ணோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நல்லதன் வேரும் அறுந்துவரும்.

நிலத்தில் நிற்கும் பழைய மரத்தைச் சுற்றி வேரில் இருந்து எழும் பக்கக் கன்றுகளுக்கும் இதே நியாயம்தான். தாய் மரம் மெலிந்தால் கன்றுகளை எடுத்துவிடுங்கள், அக்கம்பக்கத்தில் கொடுக்க ஆட்களுக்கா குறைவு?

சட்டி போதவில்லை

அடித்துளையால் வேர் எட்டிப்பார்க்கிறதா? ஊற்றிய தண்ணீர் ஓரத்தால் விறுவிறென்று இறங்கி ஓடுகிறதா? சட்டியைச் சரித்துச் செடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் வெளிப்பக்க வேரை ஒரு அங்குலம் அளவுக்குச் சுற்றிலும் அரிந்து, புது மண்ணில் நடுங்கள். கறிவேப்பிலைக்கு ஒரு அடி அகலச் சட்டியாவது வேண்டும். கடற்கரைப் பக்கத்து வெறும் மணல் தண்ணீரையும் நிறுத்தாது, உரத்தையும் நிறுத்தாது. இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் என்பது நான் கலக்கும் அளவு. தும்புத்தூளை இரண்டு முறையாவது தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கலாம். வேரை அரியும் நாளில் மேலேயும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் செடி தாங்கும்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: மரம் கூரைக்கு மேலே போய் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் நின்றால் கத்தி, ஏணி எதையும் எடுக்காதீர்கள். மின்சார சபைக்குச் சொல்லி அவர்கள் வந்த பிறகுதான் வெட்டு.

அறிகுறி 2: வெட்டியாயிற்று, துளிரே வரவில்லை

முதல் கேள்வி, எத்தனை நாள் ஆயிற்று? கறிவேப்பிலையில் மூன்று, நாலு வாரம் எடுப்பது வழக்கம்; பெரிய கட்டையில் இன்னும் கொஞ்சம். துளசியும் கற்பூரவள்ளியும் பத்து, பதினைந்து நாளில் காட்டிவிடும். புதினா அதற்கும் முன். அதற்குள் தவித்து உரம் கொட்டாதீர்கள்.

இரண்டாவது, எங்கே வெட்டினீர்கள்? இங்கேதான் செடிக்குச் செடி வேறுபாடு. கறிவேப்பிலை இலையே இல்லாத கட்டையில் இருந்தும் வரும். புதினாவும் பொன்னாங்காணியும் மண்ணை ஒட்டி, மேலே இரண்டு விரல் அளவு விட்டு வெட்டினாலும் வரும். துளசி அப்படி இல்லை. பச்சை இலை ஒன்றுகூட மிஞ்சாமல் பழுப்புத் தண்டு வரை வெட்டினால் பெரும்பாலும் திரும்பாது. துளசியில் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டுக்குக் கீழே ஒவ்வொரு கிளையிலும் இரண்டு சோடி இலையாவது இருக்க வேண்டும். கறிக்கு வாசனைக்குப் போடும் ரம்பை தனிக் கணக்கு: அடி இலைகளை மட்டும் பறியுங்கள், பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். இலை இல்லாத கட்டை தண்ணீரை அதிகம் குடிக்காது. ஆனால் வெட்டிய கவலையில் காலையும் மாலையும் ஊற்றுகிறோம். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிறது. விரலை மண்ணில் இரண்டு கணு அளவு விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆறு வாரம் கடந்துவிட்டதா? நகச் சோதனையை மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். பச்சை தெரியும் இடம்வரை இறங்கி, அதற்கு ஒரு விரல் கீழே மீண்டும் வெட்டுங்கள். மண் மட்டம் வரை பழுப்பு என்றால் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் மீண்டும் நட்டுக் காத்திருக்கலாம். கறுத்து, கையில் வழுக்கி, நாறினால் வேர் அழுகல். செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணை இன்னொரு சட்டிக்குப் போடாதீர்கள்.

அறிகுறி 3: அடி மொட்டை, நுனியில் மட்டும் கொத்து

புதினா, கற்பூரவள்ளி, பழைய துளசி மூன்றும் இதில் அடிபடும்.

புதினாவில் பொதுவாகக் காரணம் தயக்கம். ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் தண்டு நீண்டு நிலத்தில் சாயும். சம்பலுக்கு வேண்டும்போது தண்டோடு வெட்டுங்கள். சட்டியின் ஒரு பாதியை மண்ணில் இருந்து இரண்டு விரல் விட்டு மொட்டையாக வெட்டி, மறுபாதியை விட்டுவையுங்கள். வெட்டிய பாதி நிரம்பியதும் மற்றதை வெட்டலாம். இப்படி மாறி மாறி எடுத்தால் சட்டி ஒருநாளும் வெறுமையாகாது. வெட்டிய பிறகும் நடுப்பகுதி வெறுமையாகவே இருந்து ஓரத்தில் மட்டும் துளிர்த்தால் சட்டி முழுக்க வேர் அடைத்துவிட்டது என்று பொருள். கவிழ்த்து நாலாக வெட்டி, ஓரத்துத் துண்டுகளைப் புது மண்ணில் நடுங்கள், நடுத்துண்டை எறிந்துவிடலாம்.

புதினா இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய். முழுவதையும் மண்ணோடு வெட்டி எரித்துவிடுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். வரும் துளிரில் திரும்பவும் பொடி தெரிந்தால் வேறு இடத்தில் இருந்து புதுத் தண்டு வாங்கி, வேறு மண்ணில் தொடங்குவதே மிச்சம்.

கற்பூரவள்ளியில் வெட்டித் திருத்துவதைவிட மறுபடி நடுவது சுகம். நுனியில் இருந்து ஒரு சாண் தண்டை முறித்து, கீழ் இலைகளைக் கழற்றி, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு மணல் கலந்த மண்ணில் குத்திவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். ஒரே சட்டியில் மூன்று, நாலு குச்சி குத்தினால் அதுவே புதர். பழைய செடியின் அடியும் வெட்டிய இடத்தில் துளிர்க்கும், அதையும் வைத்துக்கொள்ளலாம். மாரியில் தண்டின் அடி தண்ணீர் கோத்துக் கறுத்தால், தாமதிக்காமல் நல்ல நுனியை எடுத்துக் கூரையின் கீழ் குத்திவையுங்கள். அடியைக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை.

துளசி இரண்டு வருடத்தைத் தாண்டி மரத்துப்போயிருந்தால் எந்த வெட்டும் அதை இளமையாக்காது. விதையில் இருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

அறிகுறி 4: பூத்துத் தள்ளுகிறது, இலை சிறுத்துவிட்டது

துளசியில் மருந்து எளிது. பூக்கதிர் தலைகாட்டியதும் அதை மட்டும் கிள்ளாமல், கீழே உள்ள இரண்டு சோடி இலையோடு சேர்த்து வெட்டுங்கள். பூவை மட்டும் கிள்ளினால் அடுத்த கணுவிலேயே அடுத்த பூ வரும். மாடத்துத் துளசியில் கத்தி வைக்க மனம் வராத வீடுகளில் நான் சொல்வது: மாடத்தில் உள்ளதில் பூசைக்கு வேண்டிய கதிரைக் கையால் கொய்யுங்கள், கஷாயத்துக்கு இன்னொரு செடியைப் பின்வளவில் வளர்த்து அதை வெட்டுங்கள்.

கறிவேப்பிலை பூத்தால் பூங்கொத்தை வெட்டிவிடலாம், கிளைக்குத் தெம்பு மிஞ்சும். விதை வேண்டுமென்றால் ஒரு கொத்தை விடுங்கள். பழுத்துக் கறுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும், உலர்த்திப் பக்குவப்படுத்தினால் முளைக்கும் திறன் போய்விடும்.

கொத்தமல்லிக்கு வெட்டு உதவாது. இலை நூல் நூலாகப் பிரிந்து நடுத்தண்டு எழும்பத் தொடங்கிவிட்டால், கிள்ளினாலும் அது பூக்கத்தான் போகிறது. காரணம் பெரும்பாலும் வெப்பம். எங்கள் கரையில் சித்திரை, வைகாசியில் விதைத்தால் இலை வரும் முன்பே பூ வரும். கார்த்திகை முதல் தை வரை, மழை நேரே அடிக்காத திண்ணை ஓரத்தில் விதையுங்கள். கடையில் வாங்கிய மல்லியைப் போத்தலால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓரிரவு ஊறவைத்தால் சீராக முளைக்கும். பிடுங்கி நட்டால் அதுவும் சீக்கிரம் பூக்கும், ஆகவே நிற்கும் இடத்திலேயே விதைக்க வேண்டும். வெளி இலைகளை மட்டும் எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பிடி புதிதாகத் தூவிக்கொண்டிருங்கள்.

அறிகுறி 5: துளிர் வருகிறது, ஆனால் சுருள்கிறது அல்லது காணாமல் போகிறது

வெட்டியதற்கு அடுத்த மூன்றாம், நாலாம் வாரம் இது நடக்கும். இளந்துளிரைத் தேடித்தான் பூச்சி வரும்.

இலை கடித்துத் தின்னப்பட்டிருக்கிறதா?

காகம் எச்சம் போட்டது போல ஒரு சின்ன உருவம் இலையில் ஒட்டியிருக்கும். அது எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலைப்பக்கம் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். தேசி (எலுமிச்சை) மரத்திலும் இதே புழுதான். கறிவேப்பிலையும் தேசியும் ஒரே தாவரக் குடும்பம். வளவில் தேசி நின்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் கையால் பொறுக்கி எடுப்பதே போதும். நாலு புழு ஒரு சின்னக் கன்றை ஒரே வாரத்தில் மொட்டையாக்கும் என்பதால் நாளைக்கு என்று விடாதீர்கள்.

துளிர் முறுக்கிச் சுருண்டு, வெள்ளை மெழுகு நூல் தெரிகிறதா?

தேசியையும் தாக்கும் சைலிட் என்ற சாறுறிஞ்சி இது. சுருண்ட நுனிகளை வெட்டி சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அதைக் கலக்கக் கொஞ்சம் திரவ சவர்க்காரம் சேர்த்து, வெயில் இறங்கிய பின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். தெளித்த பிறகு ஐந்தாறு நாள் பறிக்காமல் விட்டு, நன்றாகக் கழுவிச் சமையுங்கள். முதலில் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சில செடிக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது.

பஞ்சு போல வெள்ளை, கூடவே எறும்பு?

மாவுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்புக் கசிவுக்காக அதைக் காவல்காக்கிறது. பழைய பல் தூரிகையை சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். சட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல்மேல் ஏற்றி வைத்தால் எறும்பு ஏறாது. அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், நுளம்பு ஞாபகம் இருக்கட்டும்.

காத்தான்குடியில் ஒரு ராத்தா கேட்டார்: "வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில மிச்சம் கிடக்கு, அதில ஒரு மூடி அடிச்சா என்ன தம்பி?" வேண்டாம். நெல்லுக்கு அடித்து மாதக்கணக்கில் கழித்து அறுக்கிறோம். கறிவேப்பிலையை இன்றைக்கு அடித்து நாளைக்குச் சட்டியில் போடுகிறோம். உடலூடு பரவும் மருந்தைக் கழுவியும் போக்க முடியாது.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: மூன்று வாரம் செய்தும் எல்லாத் துளிரும் சுருண்டே வந்தால், அல்லது அக்கம்பக்கத்து வளவுகளில் தேசியும் சேர்ந்து மஞ்சளாகி வாடினால், அது உங்கள் ஒரு சட்டியின் பிரச்சினை இல்லை. விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுங்கள்.

அறிகுறி 6: வெட்டுவாயில் இருந்து கறுத்து இறங்குகிறது

மழுங்கிய கத்திதான் முதல் சந்தேகம். வெட்டுவாய் நார் நாராகப் பிய்ந்திருந்தால் தண்ணீர் அங்கே தங்கும். இரண்டாவது, கணுவுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு வெட்டியது. அந்த மிச்சக் கட்டை எப்படியும் காயும், காய்ந்தது இறங்கும். மூன்றாவது, மழை நாளில் வெட்டியது. நாலாவது, நோய்ப்பட்ட கிளையை வெட்டிய அதே கத்தியால் நல்லதையும் வெட்டியது.

சரிசெய்வது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இரண்டு நாள் மழை விட்ட நேரத்தில், கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கறுப்பு முடிந்து ஒரு அங்குலம் கீழே நல்ல கணுவுக்கு மேல் வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். முழுக்க வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் இன்னும் இறங்குங்கள். மஞ்சள் அப்புவது, சாணம் அப்புவது என்று பல வழக்கம் உண்டு. சுத்தமான வெட்டு காற்றில் தானாகக் காயும். நான் எதையும் அப்புவதில்லை. ஈரச் சாணத்தை நிச்சயம் வேண்டாம் என்பேன்.

இரண்டாம் வெட்டுக்குப் பிறகும் இறங்கினால், அல்லது அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தால், அது வேரிலோ அடிமரத்திலோ உள்ள பங்கசு நோயாக இருக்கலாம். இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை, ஆளுக்குக் காட்ட வேண்டும்.

அறிகுறி 7: வெட்டிய பிறகு இலை மஞ்சள் அல்லது ஓரம் கருகல்

எந்த இலை என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

கீழ் இலைகள் மஞ்சள், நுனி பச்சை: தழைச்சத்துக் குறைவு. அடிக்கடி வெட்டும் சட்டியில் இது வரத்தான் செய்யும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாதம் ஒரு பிடி மக்கிய மாட்டெரு. அவசரமென்றால் ஐந்து லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி யூரியா கரைத்து, ஈர மண்ணில் ஒரு போத்தல் அளவு ஊற்றலாம். அதற்கு மேல் போனால் வேர் கருகும்.

நுனி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து ஏறவில்லை. கடற்கரைக்கு அருகே சிப்பித்தூள் கலந்த மணலிலும், கட்டட வேலை நடந்த சுண்ணாம்பு மண்ணிலும் இது வழக்கம். முட்டைக்கோதும் சாம்பலும் போடுபவர்கள் உடனே நிறுத்துங்கள், அவை நிலைமையைக் கூட்டும். கூட்டெருவைத் தாராளமாகச் சேருங்கள். புளித்த மோர் ஊற்றும் பழைய வழக்கம் இருக்கிறதே, அளவோடு செய்தால் கெடுதி இல்லை. ஆனால் சிப்பி மண்ணை மாற்றும் வலு அதற்குக் கிடையாது. இரண்டு மாதத்தில் மாறாவிட்டால் இரும்பு நுண்ணூட்டம் வாங்கி, பக்கெற்றில் சொன்ன அளவில் இலைக்குத் தெளிக்கலாம். கடைசி வழி, சட்டி மண்ணை முழுவதும் மாற்றுவது.

இலை ஓரமும் நுனியும் கருகல்: உப்பு. வாவிக்கு அல்லது கடலுக்கு அருகில் உள்ள கிணறுகள் ஆடி, ஆவணியில் உவர்க்கும். சட்டி விளிம்பில் வெள்ளை படிந்திருந்தால் சந்தேகமே இல்லை. நல்ல தண்ணீரை, குழாய்த் தண்ணீரோ சேர்த்து வைத்த மழைத் தண்ணீரோ, சட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி அடியால் முழுக்க வடியவிடுங்கள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றும் பழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு, அது பரவாயில்லை. கருவாடு ஊறவைத்த தண்ணீரைத்தான் ஊற்றக்கூடாது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் காற்றோடு வரும் உப்புத் தூறலும் இலையைக் கருக்கும். கிடுகுத் தட்டி ஒன்று மறைப்பாகக் கட்டி, மாலையில் இலையைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

உப்பாக இருந்தாலும் தழைச்சத்தாக இருந்தாலும், மஞ்சள் மாறி நல்ல துளிர் வரும்வரை அடுத்த வெட்டு வேண்டாம்.

அறிகுறி 8: இலை மேல் கரி பூசியது போல கறுப்பு

விரலால் துடைத்தால் போகிறதா? போனால் அது இலை நோய் இல்லை, பூச்சி சுரக்கும் இனிப்பில் வளரும் கரும்பூஞ்சணம். செடியில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். தென்னையின் ஓலை அடியில் வெண் ஈ இருந்தால் அதன் கசிவு கீழே நிற்கும் எல்லாவற்றின் மேலும் விழும். கறிவேப்பிலைக்கு எதை அடித்தும் பயனில்லை, சட்டியைத் தென்னை நிழலில் இருந்து நகர்த்தி இலையைக் கழுவினால் போதும். நிலத்தில் நிற்கும் மரமானால் தென்னைக்கு என்ன செய்வது என்றுதான் கேட்க வேண்டும், அது பெரிய வேலை.

துடைத்தும் போகவில்லை, புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கிறது என்றால் இலைப்புள்ளி நோய். மாரியில் நெருக்கமான புதரில் வரும். உட்பக்கம் ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் கொடுங்கள், உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள், தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

யாரிடம், எப்படிக் காட்டுவது

விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறிகுறியைச் சொல்லலாம். நேரில் காட்ட வேண்டுமானால் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர். அவர் எங்கே, எந்த நாளில் இருப்பார் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் தெரியும். வயல் விதைப்பு நேரத்தில் அவர்களுக்கு வேலை அதிகம், சட்டிச் செடியோடு போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்.

வெறும் காய்ந்த இலை ஒன்றைக் கொண்டுபோனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நோய்ப்பட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேர்ந்து இருக்கும்படி ஒரு கிளையை வெட்டி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். ஈரத்தோடு ஷொப்பிங் பையில் கட்டினால் போய்ச் சேரும் முன்பே அழுகிவிடும். பூச்சி இருந்தால் மூடியுள்ள சின்னப் போத்தலில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுச் செடி, தண்டின் அடி, இலையின் கீழ்ப்பக்கம் என்று மூன்று படம் தொலைபேசியில் எடுங்கள். கடைசியாக எப்போது வெட்டினீர்கள், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், என்ன தெளித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெளித்த மருந்தின் பெயர் தெரியாவிட்டால் அந்தப் போத்தலையே கொண்டுபோங்கள்.